கூட்டாளி சாட்சிக் கூண்டில் ஏறுகிறான்: வழக்கை நடத்துவதா, பேரம் பேசுவதா, அப்ரூவர் ஆவதா?

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து அந்த அம்மா வக்கீலான என்னைத் தேடி வந்திருந்தார். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாவட்ட நீதிமன்ற வளாகம் வரை வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். மஞ்சள் பையில் குற்றப்பத்திரிகையின் நகல் இருந்தது. போலி நகையை அடகு வைத்துப் பணம் வாங்கியதாக வழக்கு. அவருடைய மகன் மூன்றாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவர்.

"இரண்டாம் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டானாம் ஐயா. தண்டனையையும் குறைத்துவிட்டார்களாம். இப்போது என் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறானாம். நாங்களும் ஒப்புக்கொண்டுவிடலாமா?"

வெவ்வேறு வழக்குகளில் இதே கேள்வியோடு பல குடும்பங்கள் வருகின்றன. சிலர் முடிவை எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட மட்டும் வருகிறார்கள். கூட்டாளி வாய் திறந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்ற அச்சம் அவர்களைத் துரத்துகிறது. அந்த அச்சத்தில் எடுத்த முடிவைத் திருத்த முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

## எதைக் கொண்டு எடை போடுவது

எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் ஐந்து கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதலாவது, உங்கள்மீது உள்ள பிரிவுகளுக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவு? எந்தக் கதவு திறக்கும், எது பூட்டியிருக்கும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. இரண்டாவது, அந்தக் கூட்டாளியின் பேச்சை எடுத்துவிட்டால் உங்களுக்கு எதிராக என்ன மிஞ்சுகிறது? மூன்றாவது, முடிவு தவறாகிவிட்டால் மேல்முறையீடு உண்டா? நான்காவது, இந்த வழியில் போனால் எத்தனை மாதம் உள்ளே இருக்க நேரும்? ஐந்தாவது, தண்டனை முடிந்த பிறகு என்ன பாக்கி நிற்கும்: வேலை, பாஸ்போர்ட், ஊரில் முகம்.

இந்த ஐந்துக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. சாட்சி சொல்ல வருபவருக்கு என்ன கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? நியாயமான விசாரணை என்ற உரிமை இந்த வகை வழக்குகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறது, அல்லது விழுகிறது. எதற்காகப் பேசுகிறான் என்று தெரியாதவனைக் குறுக்கு விசாரணை செய்வது இருட்டில் கல் எறிவது.

## கூட்டாளி எந்த வாசல் வழியாக வருகிறான்

எல்லாரையும் ஊரில் "அப்ரூவர்" என்றே சொல்கிறார்கள். சட்டத்தில் நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் வேறு.

| வரும் விதம் | அவருக்குக் கிடைப்பது | பேரம் கோப்பில் தெரிகிறதா | நாம் கேட்டு வாங்க வேண்டியது |
|---|---|---|---|
| மன்னிப்பு பெற்ற அப்ரூவர் | நிபந்தனையோடு வழக்கிலிருந்து விடுபடுதல் | தெரியும். மாஜிஸ்திரேட் காரணத்தை எழுதியாக வேண்டும் | மன்னிப்புப் பதிவின் நகல் (மனு செய்தால் இலவசம்) |
| பேரம் பேசி ஒப்புக்கொண்டவர் | குறைந்த தண்டனை | பாதி. தீர்ப்பு தெரியும், பேச்சு தெரியாது | தீர்ப்பின் நகல், இரு தரப்பும் ஒத்துக்கொண்டதைப் பதிந்து கையெழுத்திட்ட தீர்வு அறிக்கை |
| எதிரியாகச் சேர்க்கப்படாமல் சாட்சியானவர் | வழக்கே இல்லை | தெரியாது | முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் மனுக்கள், போலீஸ் பயன்படுத்தாத ஆவணங்களின் பட்டியல் |
| சேர்ந்து விசாரிக்கப்படும் எதிரியின் ஒப்புதல் வாக்குமூலம் | நேரடியாக ஒன்றுமில்லை | பொருந்தாது | வாக்குமூலம் பதிவான விதம், நாள் |

நான்காவதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். சத்தியம் செய்யாமல், குறுக்கு விசாரணைக்கு உட்படாமல் சொன்ன பேச்சு அது. அதை அடித்தளமாக வைத்துத் தண்டிக்கக் கூடாது, மற்ற சான்றுகளுக்குத் துணையாக மட்டுமே பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1952இல் காஷ்மீரா சிங் வழக்கிலும், 1964இல் ஹரிசரண் குர்மி வழக்கிலும் சொல்லிவிட்டது. அந்த எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்று வெளியேறிவிட்டால், அவர் நம்மோடு சேர்ந்து விசாரிக்கப்படுபவர் அல்லர். அதன்பிறகு அந்தப் பழைய வாக்குமூலத்தை நமக்கு எதிராகக் கணக்கில் எடுக்க முடியாது. அவரே கூண்டில் ஏறிச் சொன்னால்தான் உண்டு.

மூன்றாவது வாசல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கைது செய்யப்பட்டவர், ரிமாண்டில் இருந்தவர், குற்றப்பத்திரிகை வரும்போது சாட்சிப் பட்டியலில் இருக்கிறார். மன்னிப்பு உத்தரவு கிடையாது, காரணம் எழுதிய காகிதம் கிடையாது. இப்படி வருபவரும் தகுதியுள்ள சாட்சிதான் என்று 1968இல் லட்சுமிபத் சொராரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆகவே சாட்சியையே தடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்படி எதிரி சாட்சியானார் என்பதைக் கூண்டில் கேளுங்கள். போலீஸ் சேகரித்தும் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலை எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அந்தப் பட்டியலைக் கேட்டு மனுப் போடாத வக்கீலிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

## முதல் வழி: கடைசி வரை வழக்கை நடத்துவது

கூட்டாளியின் சாட்சியம் ஊரார் நினைக்கும் அளவுக்குப் பலமானதல்ல. குற்றத்தில் பங்கெடுத்தவன், தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவனைச் சேர்த்துச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1957இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு சோதனைகளை வைத்தது. முதலில், அவர் பேச்சு தன்னளவில் நம்பத்தக்கதா? அதில் தேறினால்தான் அடுத்தது: முக்கியமான விவரங்களில் அதற்கு வேறு சான்று துணை நிற்கிறதா?

அந்தத் துணைச் சான்று எதைக் காட்ட வேண்டும் என்பதில்தான் வழக்கு தீர்மானமாகிறது. குற்றம் நடந்தது என்று காட்டினால் போதாது. இந்த எதிரிக்கு அதில் தொடர்பு உண்டு என்று காட்ட வேண்டும். அடகுக் கடையில் நகை போலி என்று நிரூபித்துவிட்டார்கள், சரி. மூன்றாம் எதிரி அந்த நகையைத் தொட்டான் என்று இரண்டாம் எதிரியைத் தவிர வேறு யார் சொல்கிறார்கள்? ஒரு கூட்டாளியின் பேச்சுக்கு இன்னொரு கூட்டாளியின் பேச்சு துணையாகாது என்பதும் 1949இல், அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் புபோனி சாகு வழக்கில் தீர்ப்பளித்த காலத்திலிருந்தே நிலைத்த கொள்கை.

இங்கே ஒரு புது மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 133ஆம் பிரிவில், துணைச் சான்று இல்லாத கூட்டாளியின் சாட்சியத்தை நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 138ஆம் பிரிவு, துணைச் சான்று பெற்ற சாட்சியத்தை நம்பித் தண்டித்தால் சட்டவிரோதமாகாது என்கிறது. சில சொற்கள்தான் மாறியிருக்கின்றன. துணைச் சான்று இனிக் கட்டாயம் என்று வாதிட இது வலுவான இடம் என்பது என் கருத்து. அந்த நாளுக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கும். எனவே உங்கள் வழக்கு எப்போது தொடங்கியது என்று முதலில் பாருங்கள்.

குறுக்கு விசாரணையில் என்ன கேட்பது? முதல் நாள் போலீசிடம் சொன்னதற்கும், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதற்கும், கூண்டில் சொல்வதற்கும் உள்ள வேறுபாடுகள். உங்கள் பெயர் எந்த நாளில் முதன்முதலாக அவர் வாயில் வந்தது. ஜாமீன் கிடைத்த தேதிக்கும் வாக்குமூலத் தேதிக்கும் இடையே எத்தனை நாள். அவர்மீது வேறு வழக்குகள் உண்டா, அவை எந்த நிலையில் நிற்கின்றன. முறையற்ற ஆதாயம் பெற்றுச் சாட்சி சொல்கிறார் என்று காட்டி அவருடைய நம்பகத்தன்மையை உடைக்கச் சட்டமே இடம் தருகிறது.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்கு உரம் தரும் இரண்டைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜிக்லியோ வழக்கு, 1972. வழக்குத் தொடுக்க மாட்டோம் என்று ஓர் அரசு வழக்கறிஞர் கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விசாரணையை நடத்திய அரசு வழக்கறிஞருக்கு அது தெரியாது. தெரியாவிட்டாலும் மறைத்ததாகவே ஆகும் என்று சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்தது 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்த அடம்சோ வழக்கு. ஸ்லோவாகியாவில் ஒரு கொலை வழக்கில், சலுகை பெற்ற கூட்டாளியின் சாட்சியமே தண்டனைக்குத் தீர்மானமான காரணமாக இருந்தது. அந்தச் சலுகை பற்றி எதிரி எழுப்பிய ஆட்சேபங்களை உள்நாட்டு நீதிமன்றங்கள் உரிய கவனத்தோடு ஆராயவில்லை. விசாரணை நியாயமானதாக இல்லை என்று அந்த நீதிமன்றம் முடிவு செய்தது. கூட்டாளியைச் சாட்சியாக்குவதையே இந்த இரண்டு நீதிமன்றங்களும் தவறென்று சொல்லவில்லை. பேரத்தை எதிரியின் முன் விரித்துக் காட்ட வேண்டும், நீதிபதி அதை எடை போட வேண்டும் என்றார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை வைத்தும் இதையே கேட்கலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம். வாய்தாவுக்கு வாய்தா வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். வெளியூரில் கூலி வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் இரண்டு நாள் சம்பளம், போக்குவரத்துச் செலவு. வராமல் விட்டால் பிடிவாரண்ட். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் தங்கைக்கு வரன் பார்க்கும்போதும் இந்தப் பேச்சு வரும். வக்கீல் கட்டணம் தாங்காது என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் பெற உரிமை இருக்கிறது.

கூட்டாளியின் பேச்சைத் தவிர வேறு சான்று மெலிந்திருந்தால் இந்த வழியே சரி. உங்களிடமிருந்தே பொருள் கைப்பற்றப்பட்டு, கேமரா பதிவும், உங்கள் கணக்கில் பணம் வந்த பதிவும் இருந்தால், கூட்டாளியை எவ்வளவு உடைத்தாலும் பயன் குறைவு.

## இரண்டாவது வழி: நாமும் பேரம் பேசி ஒப்புக்கொள்வது

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2006 ஜூலையில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இப்போது புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட சிறை ஆகியவை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. பெண்களுக்கு எதிரான குற்றங்கள், குழந்தைக்கு எதிரான குற்றங்கள், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிப்பதாக அறிவிக்கப்பட்ட குற்றங்கள் ஆகியவற்றுக்கும் இல்லை. அதே குற்றத்துக்கு முன்பே தண்டனை பெற்றவரும் கேட்க முடியாது.

இந்த வரம்பு மதுரை வழக்குகளில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெறும் மோசடிக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு, பேரம் பேசலாம். அதே வழக்கில் வங்கி ஊழியர்மீது நம்பிக்கை மோசடியின் கடுமையான பிரிவு இருந்தால் ஆயுள் வரை போகும். அவருக்குப் பேரம் கிடையாது. சீட்டு, டெபாசிட் வசூலித்து ஏமாற்றியதாகத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு என்றால் பத்து ஆண்டு வரை தண்டனை, அங்கும் கிடையாது. ஆகவே "அவனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும்" என்று எண்ண வேண்டாம். ஒரே குற்றப்பத்திரிகையில் இரண்டாம் எதிரிக்குத் திறந்த கதவு மூன்றாம் எதிரிக்குப் பூட்டியிருக்கலாம்.

கிடைத்தால் லாபம் எவ்வளவு? குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்படாத குற்றத்தில், முதல்முறைக் குற்றவாளிக்கு அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம். ஏழு ஆண்டு என்றால் 14 மாதம். மற்றவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு, 21 மாதம். விசாரணைக் கைதியாக மதுரை மத்திய சிறையில் கழித்த நாட்கள் இதில் கழியும். பல மாதம் உள்ளே இருந்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு இழுக்கும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

மறைமுகச் செலவுகள் மூன்று. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அரசு வேலைக்குக் காத்திருப்பவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வழக்கமான மேல்முறையீடு இல்லை. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஆகியவை மட்டுமே உண்டு. நமக்கு அருகிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது என்பதால் ரிட் மனுவை எளிதென்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சான்றுகளை மறுபடி அலச மாட்டார்கள். மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் வழக்கு முடிந்துவிட்டால் உங்களையும் சாட்சியாக அழைக்கலாம். சொந்தத் தம்பிக்கு எதிராகவும் கூண்டில் ஏற வேண்டிவரலாம்.

ஒரு பாதுகாப்பும் உண்டு. பேர மனுவில் சொன்னதை அந்த அத்தியாயத்தின் நோக்கம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 299ஆம் பிரிவு தடுக்கிறது. இரண்டாம் எதிரியின் மனுவை நம் மகனுக்கு எதிரான சான்றாக அரசுத் தரப்பு நீட்டினால், இந்தப் பிரிவைச் சொல்லியே ஆட்சேபிக்க வேண்டும்.

காலக்கெடு குறுகியது. குற்றச்சாட்டு வனைந்த (நீதிமன்றம் அதை முறைப்படி பதிவுசெய்த) நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பிறகு தீர்வு பேச 60 நாள். மனுவை எதிரி தன் விருப்பத்தோடுதான் போட்டாரா என்று நீதிபதி தனியறையில் கேட்பார். அங்கே மனதில் உள்ளதைச் சொல்லலாம். வக்கீலோ போலீசோ சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே செய்திருக்கிறீர்கள், வேறு சான்றும் பலமாக இருக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க மனமும் பணமும் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. செய்யாத ஒன்றை, வாய்தா அலுப்புக்காக ஒப்புக்கொள்ள இதைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

## மூன்றாவது வழி: நாமே அப்ரூவர் ஆவது

நீதிமன்றத்தின் மன்னிப்பைப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாகும் வழி இது; ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்க வேண்டிய குற்றங்களுக்கும் உரியது. பேரம் ஏழோடு நிற்கிறது. மன்னிப்பு ஏழில் தொடங்குகிறது. மோசடிபோல் சரியாக ஏழில் நிற்கும் குற்றங்களில் மட்டும் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். கொலை வழக்கில் மன்னிப்பு ஒன்றே வழி.

கேட்டவுடன் கிடைக்கும் ஒன்றல்ல இது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கு மதுரை நீதிமன்றத்தில் நடந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட காவல் ஆய்வாளர், சிறையில் ஐந்து ஆண்டுகள் கழிந்த நிலையில், 2025 ஜூலையில் அப்ரூவராக மாற விரும்பி மனுச் செய்தார். சிபிஐ எதிர்த்தது, இறந்தவர்களின் குடும்பமும் எதிர்த்தது. மனு தள்ளுபடியானது. அரசுத் தரப்புக்கு வேறு சான்று போதும் என்றால் மன்னிப்புக்கு அவசியமே எழாது.

கிடைத்தாலும் நிபந்தனை கடுமையானது. தெரிந்தது முழுவதையும், தன் பங்கு உட்பட, ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை சிறையில்தான் இருக்க வேண்டும். "அப்ரூவர் ஆனால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முக்கியமானதை மறைத்தார், பொய் சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், மன்னிப்பு பறிபோய் அதே குற்றத்துக்குத் தனியாக விசாரிக்கப்படுவார். அப்போது அவர் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிரான சான்று.

இதில் ஒரு கொடுமையான இழுப்பு இருக்கிறது. சொன்னதிலிருந்து ஒரு வரி பின்வாங்கினாலும் ஆபத்து என்று அஞ்சும் அப்ரூவர், முதலில் மிகைப்படுத்திச் சொன்னதையே கடைசி வரை பிடித்துக்கொள்வார். கூண்டுக்கு எதிரே இருப்பவருக்கு அதுதான் அநியாயம். ஆகவே அப்ரூவர் ஆக நினைப்பவரிடம் நான் சொல்வது: தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட வாக்குமூலத்தில் வரக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் பெயரை "சேர்த்துச் சொல்" என்று யார் வற்புறுத்தினாலும் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லிவிடுங்கள்.

எதிரே நிற்பவருக்கு, ஆச்சரியமாக, நான்கு வாசல்களில் இதுவே அதிகம் வெளிச்சமுள்ளது. மன்னிப்புக்கான காரணம் எழுத்தில் இருக்கும். அப்ரூவரை முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், பிறகு விசாரணையிலும், இரண்டு முறை விசாரிக்க வேண்டும். முதல் விசாரணையைத் தவிர்க்க முடியாது என்று 1994இல் சுரேஷ் சந்திர பாஹ்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இரண்டுக்கும் இடையிலுள்ள முரண்களைக் காட்ட எதிரிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

ஊர் விலை ஒன்று மிச்சம் இருக்கிறது. உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ எதிரிகள் எல்லாரும் மாமன் மச்சான் உறவாக இருப்பார்கள். "காட்டிக்கொடுத்தவன்" என்ற பேச்சு திருவிழாவில், துக்க வீட்டில், தண்ணீர்க் குழாயடியில் வரும். மிரட்டல் இருந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். முணுமுணுப்புக்குப் பாதுகாப்புத் திட்டம் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பங்கு சிறியது, தெரிந்தது அதிகம், உங்கள் பேச்சு இல்லாமல் முக்கியக் குற்றவாளி தப்பிவிடுவான், நீங்கள் ஏற்கெனவே ஜாமீனில் இருக்கிறீர்கள்: இந்த நான்கும் கூடினால் இந்த வழியைக் கருதலாம்.

## அந்த அம்மாவிடம் சொன்னது

குற்றப்பத்திரிகையை அன்று மாலை வரை படித்தேன். மகனிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை. அவன் கணக்கில் பணம் வரவில்லை. அடகுச் சீட்டில் அவன் கையெழுத்து இல்லை. இரண்டாம் எதிரியின் பேச்சைத் தவிர, இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள் என்று சொல்லும் ஒரு சாட்சி மட்டுமே. குற்றச்சாட்டு வனைந்து 19 நாள் ஆகியிருந்தது. பேரம் பேச இன்னும் 11 நாள் இருந்தது. அந்தக் கெடு நெருங்குகிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்றேன்.

"அப்படியானால் நடத்தலாமா ஐயா?"

"நடத்தலாம் அம்மா. முதலில் இரண்டாம் எதிரியின் தீர்ப்பு நகலுக்கும் தீர்வு அறிக்கைக்கும் மனுப் போடுவோம். அவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டு மகனிடம் பேசுகிறேன். முடிவு அவன் எடுக்க வேண்டியது."

வக்காலத்தில் மகனின் கையெழுத்து வேண்டும் என்று சொன்னதும், அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, புது ஜெயில் ரோட்டுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார்.